ஸ்டீடைக் காணவில்லை

பிரித்தானியத் தொலைக்காட்சி பெற்றெடுத்த உளவாளிகளில் பவுசுக்குப் பேர்போன ஆள் ஜோன் ஸ்டீட். கறுப்புத் தொப்பி, மடித்த குடை, சுருக்கம் விழாத கோட்டு. குண்டு வெடிக்கிற இடத்திலும் தேத்தண்ணி குடிக்கிற நிதானம். இந்த ஸ்டீட் முதன்முதலாகத் திரைக்குள் வந்து நின்ற காட்சியை இன்றைக்கு எவராலும் பார்க்க முடியாது. அது இல்லை. அழிந்துபோயிற்று. அந்த முதல் அத்தியாயத்தின் முதல் பகுதி மட்டும், ஏறக்குறைய கால்மணி நேரம், எப்படியோ தப்பிக் கிடக்கிறது. ஆனால் ஸ்டீட் வருவது அதற்கடுத்த பகுதியில்!

தொடரின் பெயர் 'தி அவெஞ்சர்ஸ்'. பெயரைச் சொன்னதும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் "அயன் மேன் எங்க மாமா?" என்று கேட்பார்கள். அது வேறு கூட்டம். இது 1961 ஜனவரி 7ஆம் திகதி பிரித்தானியாவில் தொடங்கி 1969 வரை ஓடிய தொடர். அவர்கள் ஊரில் இதற்கென்று ஒரு ரசிகர் பட்டாளம் இருக்கிறது. தலை நரைத்து, பேரப்பிள்ளை கண்ட பிறகும் தொலைந்த அத்தியாயங்களைத் தேடிக்கொண்டே இருக்கிற பட்டாளம். அவர்களுடைய சேதிகளைத் தொடர்ந்து வாசிக்கிற ஒருவன் கல்முனைப் பக்கம் இருக்கிறான் என்று அவர்களிடம் சொன்னால் நம்புவார்களோ தெரியாது.

அந்தக் கால்மணி நேரத்தில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். டேவிட் கீல் என்று ஒரு டொக்டர். இயன் ஹென்ட்ரி நடித்தது. அவருடைய டிஸ்பென்சரியில் வேலை பார்க்கும் பெண்தான் அவருக்கு நிச்சயித்த பெண். போதைப்பொருள் கும்பல் ஒன்றின் பொட்டலம் ஆள் மாறி அங்கே வந்து சேர்கிறது. அந்தப் பெண் கும்பலின் ஆளைப் பார்த்துவிட்டாள். மோதிரம் வாங்கப் போன தெருவில் வைத்தே சுட்டுப்போடுகிறார்கள். அவ்வளவுதான் மிச்சம். பழிவாங்கத் துடிக்கும் டொக்டருக்குக் கைகொடுக்க ஸ்டீட் என்ற மர்ம மனிதன் வருவதும், தொடருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதும் காணாமற்போன பகுதியில் இருக்கின்றன.

முதல் வருடத்தில் மொத்தம் 26 அத்தியாயங்கள். இன்றைக்கு முழுசாக இருப்பவை மூன்று. அதில் ஒன்று சர்க்கஸில் நடக்கும் கதை. அதிலும் ஸ்டீட் கிடையாது, டொக்டர் மட்டும்தான். நம்முடைய யோகம் அப்படி. சர்க்கஸ் கதையும், மேலே சொன்ன கால்மணி நேரமும் 2001இல் லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் திரைப்பட, தொலைக்காட்சிக் காப்பகத்தில் அகப்பட்டன. லண்டனில் எடுத்த படம் உலகத்தின் மற்றக் கரையில் போய்க் கிடந்திருக்கிறது. அந்த மூன்றில் இன்னொன்று 2016இல் வெளிப்பட்டது. காணாமற்போன தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தேடுவதையே தொழிலாகக் கொண்ட 'கலைடோஸ்கோப்' என்ற பிரித்தானியக் குழு கண்டெடுத்தது. அது கார்னிவலில் நடக்கிற கதை. பேய் ரயில், கூவி ஆள் சேர்க்கிறவர்கள், அதற்குள்ளே அரச இரகசியம் கடத்துகிறவர்கள். ஸ்டீட் கார்னிவல் ஆளாக வேஷம் கட்டி நிற்கிறார். பெருநாளைக்கு வருகிற கார்னிவலில் வளர்ந்த எங்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

ஏன் அழித்தார்கள்? கெட்ட எண்ணத்தில் அல்ல. சிக்கனத்தில். ஏபிசி என்ற நிறுவனம்தான் இந்தத் தொடரைத் தயாரித்தது. தொடக்க காலத்தில் சில அத்தியாயங்கள் நேரடியாகவே ஒளிபரப்பாயின, நாடக மேடையில் நடப்பது மாதிரி. மற்றவை வீடியோ நாடாவில் பதிவாயின. அந்த நாடா இரண்டு அங்குல அகலம், விலையோ யானை விலை. ஒரு நிகழ்ச்சி போய் முடிந்ததும் அதன் மேலேயே அடுத்ததைப் பதிவார்கள். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்கம் ஆயிரம் நிபந்தனை போடும். வீட்டிலே வாங்கி வைத்துப் பார்ப்பார்கள் என்று அன்றைக்கு யார் கண்டது? திரைக்கு முன்னால் 16 மில்லிமீட்டர் கமெரா ஒன்றை வைத்துப் பிடித்த பிலிம் பிரதிகளும் இருந்தன. அலுமாரியில் இடமில்லை என்று அவற்றையும் தூக்கி எறிந்தார்கள். தப்பியவை எல்லாம் அந்தப் பிலிம் பிரதிகள்தான். ஒரிஜினல் நாடா ஒன்றுகூட அல்ல.

இன்னொரு ஆள் இருந்தார், ஜோன் க்யூரா. தொலைக்காட்சித் திரையையே நிழற்படம் பிடித்து, நடிகர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் விற்பது அவருடைய பிழைப்பு. "நீங்க ரிவியில வந்தீங்க, இந்தா உங்கட படம்" என்கிற யாவாரம். தபால்தலை மாதிரிச் சின்னச் சின்னப் படங்கள். இன்றைக்குப் பல அத்தியாயங்களின் முகம் தெரிவது அவர் எடுத்த படங்களால்தான். படங்களை வரிசையாக வைத்து, கதையைச் சொல்லி, டிவிடியில் போட்டிருக்கிறார்கள். 2014இலிருந்து 'பிக் ஃபினிஷ்' என்ற நிறுவனம் தொலைந்த கதைகளை வேறு நடிகர்களை வைத்து ஒலி நாடகமாகவும் கொண்டுவந்தது. பார்க்க முடியாததைக் காதால் கேட்கிற ஏற்பாடு.

இனி எங்கள் கரைக்கு வருவோம்.

1961இல் இலங்கையில் தொலைக்காட்சியே இல்லை. ஐடிஎன் 1979 ஏப்ரல் 13இல் வந்தது, ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல். அதாவது ஸ்டீட் குடையைச் சுழற்றிக்கொண்டிருந்த காலம் முழுக்க எங்கள் ஊரில் ரேடியோதான். ஆனாலும் அந்தக் காற்று இங்கே வராமல் இல்லை. சிவகாசி வழியாக வந்தது.

1962ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 29ஆம் திகதி 'தி அவெஞ்சர்ஸ்' தொடருக்குள் ஹொனர் பிளாக்மன், கேத்தி கேல் என்ற பாத்திரமாக நுழைகிறார். ஜூடோ தெரிந்த, தோல் உடை போட்ட, ஆண்களைத் தூக்கி அடிக்கிற பெண். ஒக்டோபர் 4இல் ரொஜர் மூர் நடித்த 'தி செயின்ட்' தொடங்குகிறது. மறுநாள் லண்டனில் முதலாவது ஜேம்ஸ் பொண்ட் படம் 'டொக்டர் நோ' திரையிடப்படுகிறது. அதற்கும் மறுநாள் திகதியிட்டு 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழின் முதல் இதழ். அதில் லூயிஸ் கிராண்டெல் என்ற ஒரு விஞ்ஞான உதவியாளன். வலது கை போய் இரும்புக் கை பொருத்தியவன். மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் மாயமாகிவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும்.

ஒரே கிழமைக்குள் நாலு பேர். முதல் மூவரும் எங்களுக்கு வந்து சேர எத்தனையோ காலம் பிடித்தது. நாலாவது ஆள், கைபோனவன், எங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழேயே வளர்ந்தான்.

தமிழில் அவன் பெயர் இரும்புக்கை மாயாவி. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 1972இல் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே மாயாவிதான். லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்தின் படக்கதைகளை உரிமை வாங்கித் தமிழில் போட்டார்கள். கென் பல்மர் எழுதி ஸ்பானியக் கலைஞர் ஜெசூஸ் பிளாஸ்கோ வரைந்த கதை. தொடக்கத்தில் மாயாவி கெட்டவன், கொள்ளைக்காரன். போகப்போகத் திருந்தி நிழற்படை என்ற இரகசிய அமைப்பின் உளவாளி ஆகிறான். ஆக்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு லண்டனில் வீசிய உளவாளிக் காய்ச்சலுக்குக் கொள்ளைக்காரனும் தப்பவில்லை. 1967இல் ஃப்ளீட்வே 'சீக்ரட் ஏஜென்ட்' வரிசை என்றே தனியாகச் சின்னப் புத்தகங்கள் போடத் தொடங்கியது. அந்த வரிசைக் கதாநாயகன்தான் எங்களுக்கு ஜானி நீரோ. அவனோடு வந்த ஸ்டெல்லாவை மறந்திருக்க மாட்டீர்கள்.

1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்கு இங்கே கட்டுப்பாடு இருந்தது. உள்ளூர் எழுத்துக்கு அது நல்ல காலம் என்று எங்கள் இலக்கியக்காரர்கள் சொல்வார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு உள்ளூர் இலக்கியமா பெரிது? 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து, கதவு திறந்தது. நான் எழுத்துக்கூட்டத் தெரிந்து வந்த காலத்தில் கல்முனை பஸாரில் கயிற்றிலே தொங்கிற்று முத்து. 1984இல் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார், மொடஸ்டி பிளைஸியோடு. அதே வருடம் தினத்தந்திக்காரர் ராணி காமிக்ஸைத் தொடங்கினார்கள், ஜேம்ஸ் பொண்டோடு. எங்களுக்குப் பெருநாள் காசு வந்தால் போதும், பாதி கச்சான், ஐஸ்பழம், மிச்சம் பாதி சிவகாசிக்கு.

மொடஸ்டி பிளைஸியை இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பீட்டர் ஓ'டொனல் எழுதி ஜிம் ஹோல்டவே வரைய, 1963இல் லண்டன் 'ஈவினிங் ஸ்டான்டர்ட்' பத்திரிகையில் வரத் தொடங்கியவள். கேத்தி கேல் திரையில் வந்து எட்டு மாதத்துக்குள். அடிக்கிற பெண், யோசிக்கிற பெண், கூட வருகிற ஆணுக்கு மனைவியுமில்லை காதலியுமில்லை. வில்லி கார்வின் அவளுக்குத் தோழன், அவ்வளவுதான். திரையில் ஸ்டீடுக்கும் கேத்திக்கும் இடையில் இருந்ததும் அதே மாதிரியான ஒரு சினேகம். இதை எங்கள் ஊர் ராத்தாமார் வாசித்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய விசயம். நாங்கள் ஆம்பிளைப் பிள்ளைகள் வாசித்து முடித்து வைத்தால் புத்தகம் காணாமற்போகும். தேடினால் குசினிப் பக்கம் இருக்கும். "அவள் அந்தக் கத்திய எறிஞ்ச எறியப் பாத்தியா மனே" என்று மூத்த ராத்தா ஒருநாள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்குள்ளே வளர்ந்த பெண்கள் மொடஸ்டியில் எதைக் கண்டார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. மாயாவியைப் பற்றித் தமிழில் ஆம்பிளைகள் எழுதியது மலைமலையாகக் கிடக்கிறது.

வாப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. "கைபோனவன்ட கதய விட்டுப்போட்டுக் கணக்கப் படி" என்பார். ஆனால் மாயாவியைப் பற்றி ஊரில் ஓடிய பகிடி வாப்பா சொன்னதுதான். எங்கட கரண்டை நம்பி மாயாவி கல்முனைக்கு வந்தால் கடைசிவரைக்கும் மாயமாக மாட்டான், எல்லாரும் பிடித்துக் கட்டிப்போடுவார்கள் என்பார். யுத்த காலத்தில் கரண்ட் வந்ததும் போனதும் தெரிந்தவர்களுக்கு அது பகிடி மாத்திரமல்ல.

'தி அவெஞ்சர்ஸ்' தொடரை நான் பார்த்தது மிகப் பிந்தி. லண்டனில் இருக்கிற மச்சான் ஒருவர் ஊருக்கு வந்தபோது டிவிடிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அவர் நினைத்தது மார்வல் என்று. பிரித்துப் பார்த்துக் கறுப்புவெள்ளை என்றதும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். நல்ல வேளை. பார்த்த முதல் அத்தியாயத்திலேயே எனக்கு ஊர் தெரிந்தது. வில்லனின் நிலவறை, ஒரு நெம்புகோலை இழுத்தால் சுழலும் சுவர், தேத்தண்ணிக் கோப்பைக்குள் நஞ்சு, பைத்தியக்கார விஞ்ஞானி. எல்லாம் முத்து காமிக்ஸில் பழகிய சாமான்கள். வாசித்த கதையின் ஒலி இப்போதுதான் கேட்கிறது என்று இருந்தது.

நான் டயனா ரிக்கின் ஆள். 1965இலிருந்து அவர் எம்மா பீல். கறுப்புவெள்ளையில் வந்த அந்தப் பருவத்துக்குப் பின்னால் வந்த வண்ண அத்தியாயங்கள் அழகுதான், ஆனால் கொஞ்சம் பகட்டு. அமெரிக்காவுக்கு விற்க வேண்டும் என்று எடுத்தவை அல்லவா. 1966இல் வந்த ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். எம்மாவுக்கு ஒரு தூரத்து மாமாவின் வீடு முதுசொமாக வருகிறது. போகிறாள். உள்ளே போனால் எந்தக் கதவைத் திறந்தாலும் அதே அறை. சுவர் சுழல்கிறது, படிக்கட்டு முடியவில்லை. வீடே ஒரு இயந்திரம். அவளுடைய தகப்பனின் கம்பெனியை அவள் பொறுப்பெடுத்தபோது வேலைநீக்கம் செய்த ஒரு பேராசிரியன் அவளைப் பைத்தியமாக்கக் கட்டிவைத்த பொறி. உச்சக்கட்டம் இதுதான்: அந்தப் பேராசிரியன் செத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். அவளோடு பேசிக்கொண்டிருந்ததெல்லாம் அவன் முன்கூட்டியே பதிந்து வைத்த குரலும் படமும். செத்தவன் பதிவுக்குள்ளிருந்து பேசுகிறான். இப்படி ஒரு கதையை எடுத்த நிறுவனம்தான் தன்னுடைய முதல் வருடப் பதிவுகளை அழித்துத் தள்ளியது.

டயனா ரிக் எட்டு வயது வரை ராஜஸ்தானில் பிகானிரில் வளர்ந்தவர், தகப்பன் ரயில்வேயில் எஞ்ஜினியர். ஹிந்தி பேசுவார். பிறகு 'நியூ அவெஞ்சர்ஸ்' தொடரில் வந்த ஜோஆனா லம்லி பிறந்ததே ஸ்ரீநகரில். தொடரில் நடித்துப் பேர் வாங்கிய காலத்தில் தனக்குக் கிடைப்பது கமெராக்காரரின் சம்பளத்தைவிடக் குறைவு என்று டயனா ரிக்குக்குத் தெரியவந்து, கேட்டு, கூட்டி வாங்கினார். பத்திரிகைகள் அவரைக் காசாசைக்காரி என்றன. திரையில் ஆம்பிளைகளைப் புரட்டி அடிக்கலாம், சம்பளம் கேட்கக் கூடாது!

ஸ்டீடாக நடித்த பெட்ரிக் மெக்னீ துப்பாக்கி தூக்க விரும்பாதவர். இரண்டாம் உலக யுத்தத்தில் கடற்படையில் இருந்து பார்த்த சாவு போதும் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் குடை. யுத்தத்தைப் பார்த்தவனுக்குத் துப்பாக்கி ஷோக்குச் சாமான் அல்ல என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளங்கும். அவர் 2015 ஜூனில் காலமானார். ஹொனர் பிளாக்மன் 2020 ஏப்ரலில், டயனா ரிக் அதே வருடம் செப்டம்பரில். இரண்டு பெண்களும் ஒரே வருடத்தில் போனார்கள். தொடருக்கு இசையமைத்த லோரி ஜோன்சன் 2024 ஜனவரியில். பழைய ரசிகர்களின் சேதிகள் இப்போது பெரும்பாலும் மரண அறிவித்தல்கள்தான், அதற்கு நடுவில் எப்போதாவது ஒரு பிலிம் பெட்டி.

அந்தப் பிலிம் பெட்டிகள் எங்கே அகப்படுகின்றன என்பதுதான் எனக்குச் சுவாரசியம். 2013இல் பிபிசியின் 'டொக்டர் ஹூ' தொடரில் தொலைந்த ஒன்பது அத்தியாயங்கள் கிடைத்தன. கிடைத்த இடம் நைஜீரியாவில் ஜொஸ் நகரத் தொலைக்காட்சி நிலையம். ஃபிலிப் மொரிஸ் என்பவர் தேடிப்போய்க் கண்டெடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு பிரதியை ஒரு நாட்டு நிலையம் ஒளிபரப்பிவிட்டு அடுத்த நாட்டுக்கு அனுப்பும். சுற்றின் கடைசியில் இருந்தவர்கள் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ வேண்டும். சிலர் இரண்டையும் செய்யவில்லை. அந்தச் சோம்பலுக்கு இன்று நன்றி சொல்கிறார்கள். எங்களிடம் 1960களில் ஒரு நிலையம் இருந்திருந்தால் கொழும்பில் ஏதாவது ஒரு ஸ்டோரில் பல்லி முட்டைக்கு நடுவே கிடந்திருக்கும். எங்கட ஆட்கள் எதையும் லேசில் எறிகிறவர்கள் இல்லை.

படக்கதையில் அதே கதைதான், ஆனால் தலைகீழாக. பிரித்தானியாவில் மாயாவியை மறந்துவிட்டார்கள். 1976இல் 'வேலியன்ட்' இதழே மூடுண்டது. ஆனால் தமிழில் அவன் சாகவேயில்லை. மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பு. முத்துவும் லயனும் இன்றைக்கும் வருகின்றன, ஒவ்வொரு வருடமும் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி வாசகர்கள் கூடுகிறார்கள், தலைமயிர் போன ஆட்கள் இரும்புக்கை அட்டையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒக்ஸ்ஃபோர்டிலுள்ள 'ரெபெலியன்' நிறுவனம் ஃப்ளீட்வே களஞ்சியத்தை வாங்கி, மாயாவியை ஆங்கிலத்தில் அழகான புத்தகமாகத் திரும்பவும் கொண்டுவந்தது 2021இல். அவர்கள் தங்கள் கதாநாயகனைக் கண்டுபிடிக்க முன்னமே சிவகாசியில் அவனுக்கு நாலாவது தலைமுறை வாசகன் வந்துவிட்டான்.

என்னிடம் ஒரு தகரப்பெட்டி நிறைய இந்தப் புத்தகங்கள் இருந்தன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் போனார்கள், இலங்கையில் ஆகக்கூடிய இழப்பு எங்களுக்குத்தான். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரை நெடுகிலும் மையித்துகள். அந்த நேரத்தில் புத்தகப் பெட்டியைப் பற்றி யார் பேசுவார்? பேசவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது கூட்டாளி ஒருவன் "மச்சான், 'பாம்புத் தீவு' வச்சிருந்தாயே, இருக்கா?" என்று கேட்டான். கேட்டவுடன் அவனுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். அதுதான் முதல் தடவை.

புத்தகம் பரவாயில்லை. அச்சடித்த சாமான் எங்கேயாவது ஒரு பிரதி இருக்கும், சிவகாசியில் இல்லாவிட்டால் ஈரோட்டில். எங்கள் பக்கத்து இதழ்களை, மலர்களை, கவிதைப் புத்தகங்களை நூலகம் நிறுவனத்தார் 2005இலிருந்து மின்வடிவில் ஏற்றி வைக்கிறார்கள். நான் யோசிப்பது ஒரே ஒரு பிரதியாக இருந்த சாமான்களைப் பற்றி. நான் சொல்வது கெசட்.

எண்பதுகளில் எங்கள் வீடுகளில் ஆம்பிளைகள் சவூதிக்கும் குவைத்துக்கும் போனார்கள், பிறகு பெண்களும் போனார்கள். முதலில் வந்து இறங்கிய சாமான் இரட்டை ஸ்பீக்கர் வைத்த ரேடியோ கெசட். அதில் என்ன பதிந்தோம்? இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி நாடகங்கள், நோன்பு காலத்து நிகழ்ச்சிகள், இஸ்லாமிய கீதங்கள். ரேடியோவுக்குப் பக்கத்தில் எல்லாரையும் வாய்மூடச் சொல்லிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அமத்துவார்கள். பிறகு சவூதிக்குப் போகிற ஆள் ஒருவர் நாளைக்குப் பயணம் என்று சொல்வார். புதுக் கெசட் வாங்கக் காசில்லை, கடையும் பூட்டியாயிற்று. எடு அந்த நாடகக் கெசட்டை. அதன் மேலே உம்மாவின் கடிதம் பதிவாகும். எழுதத் தெரியாத உம்மாமார் பேசி அனுப்பிய கடிதங்கள். ஆடு குட்டி போட்டது, கூரைக்குத் தகடு போட்டது, தங்கச்சிக்குப் பேச்சுக்கால், சின்னவன் ஓதிக் காட்டுகிறான் கேளுங்க. நடுவிலே பள்ளியில் வாங்கு சொல்வதும் சேவல் கூவுவதும் கேட்கும். அங்கிருந்து அதே கெசட்டின் மேலேயே மறுமொழி பதிந்து வரும். உம்மாவின் குரலை மகன் அழித்துப் பேசியிருப்பான். அதன் மேல் மறுபடி உம்மா.

ஏபிசிக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராததற்கு இதுதான் காரணம். நாடா விலை அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே நியாயம்தான். ஒரு வித்தியாசம், அவர்களிடம் ஸ்டோர் இருந்தது.

கெசட்டின் முதுகுப்புறம் இரண்டு மூலையிலும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் தகடு இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேலே பதிய முடியாது, சிவப்புப் பொத்தான் இறங்காது. கடையில் வாங்குகிற பாட்டுக் கெசட்டுகள் அப்படி உடைத்தே வரும். நாங்கள் விட்டோமா? அந்த ஓட்டைக்குள் கடதாசியை மடித்துச் செருகினால் முடிந்தது. போன மாதம் சொந்தக்கார மாமி ஒருவரின் வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கியபோது தையல் பெட்டிக்குள்ளே ஒரு டீடிகே 60 கிடந்தது. ஒரு பக்கத்து ஓட்டையில் வழக்கம்போலக் கடதாசி. மறுபக்கத்துத் தகட்டை யாரோ வேண்டுமென்றே உடைத்திருக்கிறார்கள், அதில் கடதாசி இல்லை. "அது மாமாட குரலாக்கும்" என்று மட்டும் சொன்னா மாமி. மாமா மௌத்தாகி எவ்வளவோ காலம்.

அதைப் போட்டுக் கேட்பதற்கு அவசரப்படவில்லை. உங்களிடமும் இப்படி ஏதாவது இருந்தால் நீங்களும் அவசரப்பட வேண்டாம். முதலில் வெளிச்சத்தில் பிடித்து நாடாவின் சுற்றைப் பாருங்கள். கடற்கரை ஈரத்துக்கு வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருக்கும், பிடித்திருந்தால் ஓட்டவே கூடாது, தெரிந்த ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். நாடாவைத் தலையோடு அமத்துகிற குட்டிப் பஞ்சுத்துண்டு நடுவில் இருக்கிறதா பாருங்கள், பழைய கெசட்டுகளில் பசை காய்ந்து அது விழுந்துவிடும். ஸ்க்ரூ போட்ட கெசட்டென்றால் கழற்றி இன்னொரு கெசட்டின் கூட்டுக்குள் சுற்றை மாற்றலாம். பென்சிலைச் செருகிக் கையால் மெதுவாக முழுக்க ஒரு தடவை சுற்றுங்கள், இறுகி ஒட்டியிருப்பது இளகும். ஓடுகிற முதல் தடவையே கம்பியூட்டரில் பதிந்துவிடுங்கள், இரண்டாவது தடவை ஓடும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. எந்த ஓட்டையில் கடதாசி இருந்தாலும் அதை எடுத்து எறியுங்கள்.

என்னிடமுள்ள டெக்கின் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிப் போய்க் கிடக்கிறது. புது பெல்ட் கொழும்பில் எடுக்கலாம் என்கிறார்கள். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் கெசட் டெக் திருத்துகிற கை இன்னும் யாருக்காவது இருக்கிறதா? இருந்தால் அந்தக் கெசட்டை மாமிக்கு முன்னாலேயே வைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.